சப்பிரகமுவத் தோட்டங்களும் சாராயத் தவறணையும்

ஐரோப்பாவின் மலைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றின் பெயரை, அங்கு ஒருபோதும் கால் வைத்திராதவர்களும் அறிவர். அவற்றின் சரிவுகளில் விளையும் சிவப்புத் திராட்சை மதுவே அதற்குக் காரணம். பழத்தைப் பிழிந்து நொதிக்கவிட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உறங்கவைத்த பின்னரே அந்த மதுவைப் போத்தலில் அடைக்கிறார்கள். மரத்தின் துவர்ப்பும் மணமும் நிறமும் மெல்ல மெல்ல அதில் இறங்குகின்றன. போத்தலின் மேல் பள்ளத்தாக்கின் பெயரும் தோட்டத்தின் பெயரும் பழம் பறித்த ஆண்டும் அச்சிடப்படுகின்றன. பழம் பறித்த தொழிலாளியின் பெயரை மட்டும் எந்தப் போத்தலிலும் காண முடியாது.

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்திலும் மலைகள் உண்டு, பள்ளத்தாக்குகள் உண்டு, பெயர்பெற்ற தோட்டங்களும் உண்டு. களனி கங்கையும் களு கங்கையும் பாயும் இந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் திராட்சை மட்டும் விளைவதில்லை. வெய்யிலையும் காய்ச்சலையும் விரும்பும் அந்தக் கொடி, ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டும் இரத்தினபுரி மண்ணில் செழிக்காது. இலங்கைத் தமிழருக்குத் தெரிந்த உள்ளூர் 'வைன்', யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் றோசரியன் துறவியர் முந்திரிகைப் பழத்திலிருந்து வடித்ததுதான்.

ஆயினும், மரத்தில் உறங்கி முதிரும் மது ஒன்று சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாற்றோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அது தென்னஞ் சாராயம். அது தோட்டத்துக்கு எவ்வாறு வந்தது, அதனால் எழுந்த மாளிகைகள் எவருடையவை, அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எவர் என்பவற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாக்கியம். பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகளில், தோட்டத் தொழிலாளரின் வறுமை பற்றிய கருத்தரங்கு எதுவாயினும், "அவர்கள் உழைப்பதையெல்லாம் குடித்தே அழிக்கிறார்கள்" என்ற வாக்கியம் ஒருமுறையேனும் வராமல் முடிந்ததில்லை. அதிகாரிகள் சொல்வார்கள், அரசியல்வாதிகள் சொல்வார்கள், நகரத்துப் படித்த தமிழரும் தயங்காமல் சொல்வார்கள். குடி தோட்டத்துக் குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குடியைத் தோட்டத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் எவர் என்ற கேள்வியை அந்த வாக்கியம் மிக வசதியாக மறைத்துவிடுகிறது.

கித்துளும் தென்னையும்

சப்பிரகமுவவுக்கே உரிய மது கித்துள் கள்ளாகும். தமிழகத்தில் கூந்தற்பனை என்று அழைக்கப்படும் மரமே இலங்கையில் கித்துள் எனப்படுகிறது. 1660இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்த மரத்தையும் அதன் இனிய பதநீரையும் அதிலிருந்து காய்ச்சும் கருப்பட்டியையும் வர்ணித்திருக்கிறார். கிராமத்தவர் தம் வளவில் நின்ற மரத்தின் பாளையைச் சீவி, பாணியும் கருப்பட்டியும் காய்ச்சி, எஞ்சியதைக் கள்ளாகக் குடித்தனர். அது வீட்டுப் பொருள். வரி தண்டுவதற்கோ வண்டியில் ஏற்றி விற்பதற்கோ அது எளிதில் அகப்படவில்லை.

சாராயம் வேறு வகையானது. தென்னம் பாளையிலிருந்து இறக்கும் பதநீர், காற்றிலுள்ள நொதியினால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். மேலும் வைத்திருந்தால் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே அதை விரைவாக வடித்தெடுக்க வேண்டும். வடித்த சாராயம் கெடாது. எத்தனை மைல் தூரமும் போகும். நல்ல சாராயத்தை ஹல்மில்ல மரத்தில் செய்த பெரிய தொட்டிகளில் பல ஆண்டுகள் முதிரவைப்பார்கள். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயரிட்டது இதனைத்தான். ஐரோப்பியருக்கு ஓக் எப்படியோ, இலங்கைச் சாராயத்துக்கு ஹல்மில்ல அப்படி. காரம் அடங்கி, பொன்னிறம் ஏறி, மணம் கூடிய அந்தப் பழைய சாராயம் விலை உயர்ந்தது.

மதுவை முதிரவைப்பதென்றால் முதலை முடக்கிவைத்துக் காத்திருப்பதென்று பொருள். பணமும் பொறுமையும் உள்ளவருக்கே அது இயலும். சம்பள நாளுக்குச் சம்பள நாள் கடன் தீர்க்கும் தொழிலாளிக்கு விற்கும் சரக்கை எவரும் பல ஆண்டுகள் தொட்டியில் உறங்கவைக்கமாட்டார்கள். தொட்டியில் முதிர்ந்தது ஒரு வகுப்பாருக்கு. நேற்று வடித்தது மற்றொரு வகுப்பாருக்கு. துரையின் பங்களாவிலோ, கப்பலேறி வந்த விஸ்கியும் பிரான்சு நாட்டு வைனும் இருந்தன. ஒரே தோட்டத்தில் மூன்று தரத்துக் குடி இருந்தது. நிந்தனை மட்டும் மூன்றாவது தரத்தாருக்கே கிடைத்தது.

குத்தகை என்னும் பொன்முட்டை

சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பெற்றனர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, சப்பிரகமுவவும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், இந்த முறை மலைநாட்டுக்கும் பரவியது. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். ஏலத்தில் வென்றவர் அப்பகுதியின் தவறணைகளைத் தாமே நடத்துவார். அல்லது உட்குத்தகைக்கு விடுவார். (ஐரோப்பியரின் வாய்ச்சொல்லே இலங்கைத் தமிழில் 'தவறணை' ஆயிற்று. தமிழக வாசகர்கள் கள்ளுக்கடை, சாராயக்கடை என்று கொள்ளலாம்.)

இம்முறையின் உள்ளியல்பைக் கவனிக்க வேண்டும். குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டவேண்டிய தொகை முன்கூட்டியே நிச்சயமாகிவிடுகிறது. அதற்கு மேல் விற்பதெல்லாம் அவருடைய இலாபம். ஆகவே தவறணைகளை எங்கே வைத்தால் அதிகம் விற்கும் என்று தேடுவது அவருடைய தொழில். அடுத்த ஏலத்தில் தொகை உயர வேண்டுமானால் விற்பனை பெருகவேண்டும் என்பதால், அரசாங்கத்தின் நலனும் அதே பக்கத்தில்தான் நின்றது. குடியேற்ற அரசின் முக்கிய வருமானங்களுள் ஒன்றாகச் சாராயம் நெடுங்காலம் விளங்கியதற்கு இதுவே காரணம்.

இந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் திரட்டிய முதற் செல்வத்தின் பெரும்பகுதி சாராயக் குத்தகையில் பிறந்தது என்பது அவருடைய முடிவு. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பகுதியில் வாணிபத்தாலும் சாராயக் குத்தகையாலும் பணம் சேர்த்தவர். 1837இல் ஹங்குரான்கெத்தையில் இருந்த அரச நந்தவனத்தை விலைக்கு வாங்கித் தோட்டத்துரைகளின் வரிசையில் இடம்பிடித்தார். தவறணையில் சேர்ந்த சில்லறைகள் தோட்டங்களாயின, காரீயச் சுரங்கங்களாயின, கொழும்பு மாளிகைகளாயின, பிள்ளைகளுக்கு இங்கிலாந்துக் கல்வியாயின. இவற்றையெல்லாம் குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. அக்காலத்துச் சட்டம் அனுமதித்த வாணிபம் அது. ஆனால் அந்தச் சில்லறையின் ஒரு பகுதி எவருடைய மடியிலிருந்து வந்தது என்பதையும் வரலாறு எழுதவேண்டும் அல்லவா?

களனிப் பள்ளத்தாக்கில் தொழிலாளர்

சப்பிரகமுவ தனி மாகாணமானது 1889இல். கோப்பி அழிந்து தேயிலை பரவியிருந்த காலம் அது. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட றப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளைக் காடாக மூடின. இந்தச் சரக்கை ஏற்றிச் செல்வதற்கென்றே களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை அமைந்தது. 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் யட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் புகைவண்டி ஓடியது. தேயிலையும் றப்பரும் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் சாராயமும் தொழிலாளரும் மேலே ஏறினர்.

தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த அந்த மக்கள் கடனோடுதான் தோட்டத்தில் காலடி வைத்தார்கள். கப்பற் செலவு, வழிச்செலவு, ஊரில் கொடுத்த முன்பணம் எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறின. 'துண்டு' என்ற சீட்டில் எழுதிய கடனோடு தோட்டம்விட்டுத் தோட்டம் மாறும் முறை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைத் தொடர்ந்து தாழ்நாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயமான நாட்கூலி, ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பரின் விலை சரிந்தபோது அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போகவேண்டும். அடைமழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வேலை இல்லையேல் கூலி இல்லை. ஈரம், அட்டைக்கடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான லயத்து அறை, படிக்கப் பள்ளி இல்லை, பொழுதைக் கழிக்க ஓர் இடம் இல்லை. குளிருக்கும் உடல் நோவுக்கும் சாராயம் மருந்து என்ற நம்பிக்கையை எவரும் மறுத்துச் சொல்லவில்லை. அந்த வாழ்வில் தொழிலாளியை உட்காரச் சொல்லி வரவேற்ற ஒரே கூரை தவறணையினுடையது.

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், ஓய்வுபெற்ற பால்வெட்டுப் பெண்கள் சிலருடன் நான் ஒருமுறை நீண்ட நேரம் உரையாடியிருக்கிறேன். சம்பள நாளன்று தவறணைக்குப் பிரியும் பாதையில் தாய்மார் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்களாம். தகப்பன் பிள்ளையைக் கண்டால் ஒருவேளை வீட்டுப் பக்கம் திரும்புவான் என்ற நம்பிக்கை. அதைவிட என்னை உறுத்தியது மற்றொரு செய்தி. அவர்கள் உழைத்த கூலியையே அவர்கள் கையால் வாங்கியதில்லை. பெண்ணின் சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் தோட்டங்களில் பரவலாக இருந்ததை ஆய்வாளர் பலரும் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது 1984இல்தான் கிடைத்தது. ஆக, தவறணைக்குப் போன பணத்தில், அதன் வாசலை ஒருநாளும் மிதித்திராத பெண்ணின் உழைப்பும் கலந்திருந்தது. "உழைப்பதையெல்லாம் குடித்தே அழிக்கிறார்கள்" என்று ஒரு சமூகத்தையே சேர்த்துப் பேசுபவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

மதுவிலக்கு இயக்கமும் தோட்டத்து எல்லையும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904ஐ ஒட்டியும் மீண்டும் 1912இலும், மதுவிலக்கு இயக்கம் இலங்கையில் பேரலையாக எழுந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டமும் ஊரெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்கும் திட்டமும் சிங்கள பௌத்த மக்களைக் கொதிப்படையச் செய்தன. டி.பி. ஜயதிலக்க, எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க முதலியோர் இந்த இயக்கத்தில் முன்னின்றனர். சேனநாயக்க சகோதரரின் தந்தையார் காரீயச் சுரங்கத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சாராயக் குத்தகையிலும் முதலிட்டவர். அவர் பின்னர் மதுவிலக்கின் பக்கம் வந்ததையும், பிள்ளைகள் அதன் தலைவர்களானதையும் நான் ஏளனமாகச் சொல்லவில்லை. மனிதர் மாறலாம், மாறவேண்டும்.

1915இல் கலவரம் வெடித்தபோது, மதுவிலக்குச் சங்கங்களில் அரசியலைக் கண்டு அஞ்சிய ஆங்கில அரசு அதன் தலைவர்களைச் சிறையிலிட்டது. அவர்களுக்காகச் சட்டசபையில் முழங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை இலங்கைத் தமிழர் நன்கறிவர். மதுவிலக்கு மேடையிலேயே இலங்கைத் தேசியம் பேசப் பழகியது எனலாம்.

ஆனால் அந்த இயக்கம் விகாரையையும் கிராமத்தையும் மையமாகக் கொண்டது. தோட்டத்து லயங்கள் அதன் பார்வைக்குள் பெரிதும் அகப்படவில்லை. கிராமத்தைக் குடியிலிருந்து மீட்பது நாட்டுப்பற்றாயிற்று; தோட்டத்தை மீட்பது எவருடைய கடமையும் ஆகவில்லை. காரணம் எளிது. கிராமத்தவன் தேசத்தின் மகன்; தோட்டத்தவன் கூலிக்கு வந்த அந்நியன். மதுவிலக்கு மேடையில் வளர்ந்த டி.எஸ். சேனநாயக்க பிரதமராக இருந்தபோதுதான், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவராக்கியது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளரைத் தேடிவந்து மதுவைப் பற்றிப் பேசிய பெருந்தலைவர் மகாத்மா காந்தி. 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்த அவர், மலையகத் தொழிலாளர் கூட்டங்களில் குடியை விட்டொழிக்குமாறு மன்றாடினார். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் காந்தி கப்பலேறிய பின்னரும் தவறணை திறந்தே இருந்தது. அதன் உரிமத்தைக் கொடுத்தது அரசாங்கம். அதை மூடும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை.

1964: கள்ளும் ஒப்பந்தமும்

இந்த வரலாற்றில் 1964 ஒரு விசித்திரமான ஆண்டு. அவ்வாண்டு ஜூனில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கத்தில் நிதியமைச்சரானவர் கலாநிதி என்.எம். பெரேரா. யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அவர். 1936இல் ருவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நாள்முதலே கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களை நன்கறிந்த சமசமாஜிஸ்ட். வரவுசெலவுத் திட்டத்தில் தென்னையில் கள்ளிறக்குவதற்கு வழிவிடும் யோசனையை அவர் முன்வைத்தார். பௌத்த சங்கத்தினரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பத்திரிகைகளை அரசு கையகப்படுத்தும் மசோதாவோடு கள்ளு விவகாரமும் சேர்ந்து ஆட்சியை ஆட்டியது. டிசம்பர் 3ஆம் திகதி ஒரேயொரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய ஏறத்தாழ 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு பிரதமர்களும் முடிவுசெய்தார்கள். ஒரே பருவத்தில், கள்ளைப் பற்றி நாடே விவாதித்தது. தோட்டத்து மக்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டார்கள். இரண்டு விவாதத்திலும் பேசுவதற்கு அந்த மக்களுக்குப் போதிய வாக்கு இருக்கவில்லை. அவர்கள் குடிப்பதைப் பற்றிப் பேசிய நாடு, அவர்கள் குடிமக்களா என்பதை அவர்களிடம் கேட்கவில்லை.

இன்றைய கணக்கு

1974இல் வடிசாலைகள் அரசுக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தன. 1992இல் மீண்டும் தனியார் கைக்குப் போயின. குத்தகை ஏலம் என்றோ மறைந்துவிட்டது. ஆனால் மதுவரி அரசின் கருவூலத்துக்கு இன்றும் இன்றியமையாததாக இருக்கிறது. வரி ஏற ஏற, சட்டப்படி விற்கும் சாராயம் கூலித் தொழிலாளிக்கு எட்டாததாகிறது. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைக் கொண்டு ஒரு போத்தல் சாராயம் வாங்க முடியாது. அந்த இடைவெளியில் நுழைவது கசிப்பு. சீனியையும் ஈஸ்டையும் கொண்டு ஓடைக்கரையிலும் றப்பர்க் காட்டிலும் இரகசியமாக வடிக்கும் அந்த நீருக்கு ஹல்மில்லத் தொட்டியும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை. ஈரலை அரிப்பதற்கு மட்டும் அது தவறுவதில்லை.

தொழிலாளிக்குத் தன் குடிக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. மனைவியை அடித்தவனுக்கும் பிள்ளையின் புத்தகக் காசைக் குடித்தவனுக்கும் வரலாறு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்காது. மிக அதிகமான விலையைக் கொடுத்தவர்கள் தோட்டத்துப் பெண்களே. தவறணைகளையும் கசிப்பையும் எதிர்த்துத் தோட்டங்களில் எழும் குரல்களில் உரத்தது அவர்களுடையதாக இருப்பதும் இயல்பே. ஆனால் பொறுப்பைப் பங்கிடும்போது முழுவதையும் லயத்து வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போவது நீதியாகாது. ஏலம் போட்ட அரசுக்கு ஒரு பங்கு உண்டு. தவறணையைத் தோட்டப் பாதையில் வைத்த குத்தகைக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. கூலியைக் குறைவாகவும் கடனைத் தாராளமாகவும் வைத்த கங்காணிக்கும் கம்பனிக்கும் பங்கு உண்டு. மதுவிலக்கு பேசியபோது தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்ட தேசியத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கச்சேரிகளில் நடந்த குத்தகை ஏலங்களின் பதிவுகள் குடியேற்றக்கால நிருவாக ஆவணங்களில் கிடக்கின்றன. எந்த மாவட்டத்தின் சாராயம் எவ்வளவு தொகைக்குப் போயிற்று, எவர் எடுத்தார் என்பதை அவற்றில் தேடலாம். மலையக வரலாற்றை எழுத முன்வரும் இளைய ஆய்வாளர்கள், கூலிப் பதிவேட்டையும் அந்த ஏலப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்றில் கொடுத்த கூலி இருக்கும். மற்றொன்றில் திரும்பப் பெற்ற கூலி இருக்கும். அந்த இரண்டையும் கழித்துப் பார்த்தபின், தோட்டத் தொழிலாளி ஏன் ஏழையானான் என்று கருத்தரங்கில் பேசுவோம்.